மேற்குப் பார்த்த மனைக்குக் கண்ணாடி: கட்டடக்கலை மாணவி ஒருவருக்கு விரிவான பதில்

பெங்களூருவில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: அல்சூரில், 30-க்கு 40 அடி மனையில், மேற்குப் பார்த்த முகப்புடன் ஒரு தமிழ் வாசகசாலையை வரைய வேண்டும், கண்ணாடியைப் புதுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்பது ஆசிரியர் விதித்த நிபந்தனை. வெளிவட்டச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் நீலக் கண்ணாடிப் பெட்டிகளைத் தவிர, கலையிலும் வடிவமைப்பிலும் கட்டடத்திலும் கண்ணாடிக்கு வேறு என்ன வழிகள் உள்ளன, அவற்றில் எவற்றை இங்கேயே போய்ப் பார்க்கலாம் என்பது அவருடைய கேள்வி.

கட்டட முகப்புகளுக்கான கண்ணாடி ஆலோசனைதான் இருபத்து மூன்று ஆண்டுகளாக என் தொழில். நீங்கள் குறிப்பிடும் நீலப் பெட்டிகளில் சிலவற்றில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் கண்ணாடியைப் பற்றிய முதல் பாடத்தை நான் கற்ற இடம் அலுவலகம் அன்று. அல்சூர்க் கடைத்தெருவில் என் தந்தை சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். கட்டரின் சிறு சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, கண்ணாடியின் மேல் ஒரே முறை, ஒரே அழுத்தத்தில் இழுப்பார். பிறகு மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்துவார். சிறு ஓசையுடன் அது நேர்கோட்டில் இரண்டாகும். கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை, கீறி ஒடிக்கிறோம், அவ்வளவுதான் என்பார். கோடு ஒருமுறை தவறிவிட்டால் அதன் மேலேயே மறுபடி இழுக்கக் கூடாது என்பதும் அவர் வைத்திருந்த விதி. இழுத்தால் பலகை தன் விருப்பப்படி ஒடியும். இன்று யோசித்துப் பார்த்தால், கண்ணாடியில் நடந்த பெரிய புதுமைகள் யாவும் இரண்டு கேள்விகளிலிருந்து பிறந்தவையாகவே எனக்குப் படுகின்றன: இது எப்படி உடையும், வெளிச்சத்தை இது என்ன செய்யும். எத்தனை சதுர அடிக்குப் பதித்தோம் என்ற கணக்கிலிருந்து புதுமை எதுவும் பிறந்ததாக நான் கண்டதில்லை.

முதலில் உடைவைப் பற்றி. கண்ணாடி பலவீனமான பொருள் என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் அதன் மேற்பரப்பில்தான் பலவீனம் இருக்கிறது. 1920ஆம் ஆண்டு வாக்கில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடி இழைகளைச் சோதித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள்தாம் கண்ணாடியின் வலிமையைத் தீர்மானிக்கின்றன, இழுவிசை வரும்போது விரிசலின் முனையில் விசை குவிந்து அது பிளந்துகொண்டே போகிறது என்று காட்டினார். அப்படியானால் விரிசலைத் திறக்கவிடாமல் மேற்பரப்பை எப்போதும் அமுக்கியே வைத்திருந்தால் என்ன? டஃபன்ட் கண்ணாடி என்று நாம் சொல்வது இந்த யோசனையின் விளைவு. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் குளிர்காற்றை இருபுறமும் பாய்ச்சினால் மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உள்பகுதி பின்னால் குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தோலை இழுத்து அமுக்கத்தில் நிறுத்திவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு தாங்கும். உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகாமல் கற்கண்டு போல் உதிரும். ஒரே நிபந்தனை, துளையிடுவதையும் வெட்டுவதையும் சூளைக்குப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும். உங்கள் கைபேசியின் திரையில் இதே வேலையைச் சூளைக்குப் பதில் உப்புக் குளியல் செய்கிறது: உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கும்போது கண்ணாடியிலுள்ள சிறிய சோடிய அயனிகள் வெளியேற, பெரிய பொட்டாசிய அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகின்றன, அந்த நெரிசல்தான் அமுக்கம்.

இந்த டஃபன்ட் கண்ணாடிக்கு ஒரு குறை உண்டு, அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஓர் அலுவலகக் கட்டடத்தில், யாரும் தொடாத, காற்றும் அடிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஐந்தாம் மாடிப் பலகை ஒன்று தானாகவே வெடித்து உதிர்ந்தது. கீழே ஆள் நடமாட்டம் இல்லாதது எங்கள் நல்லூழ். உதிராமல் சட்டத்தில் ஒட்டியிருந்த பகுதியைப் பார்த்தபோது, உடைவு தொடங்கிய இடத்தில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போல இரண்டு பெரிய துண்டுகள் அருகருகே இருந்தன. அது நிக்கல் சல்ஃபைடின் கையெழுத்து. உருக்கும்போது எப்படியோ கலந்துவிடும் இந்தத் துகள், வேகமாகக் குளிர்விக்கப்படுவதால் தன் உயர்வெப்ப வடிவத்திலேயே சிக்கிக்கொள்கிறது. பிறகு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மெல்ல மெல்லத் தன் இயல்பான வடிவத்துக்கு மாறும்போது சற்றே பருக்கிறது. கண்ணாடியின் நடுவில் இழுவிசை இருக்கும் இடத்தில் அந்தப் பருமன் போதும். டஃபன்ட் செய்த பலகைகளை மீண்டும் அடுப்பில் ஏற்றி 260 முதல் 290 டிகிரி வரையிலான வெப்பத்தில் சில மணி நேரம் வைத்திருந்தால், வெடிக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை ஆலையிலேயே வெடித்துவிடும். இதற்கு ஹீட் சோக் சோதனை என்று பெயர். அந்தக் கட்டடத்தில் செலவைக் குறைப்பதற்காக அதைத் தவிர்த்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் வலியுறுத்தாமல் விட்ட தவறு என்னுடையதும்தான்.

உடைவதைத் தடுக்க முடியாவிட்டால் உடைந்த பின்னும் நிற்கச் செய்யலாம் என்பது அடுத்த படி. 1903இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தவறவிட்ட ஒரு குடுவை, நொறுங்கியும் சிதறாமல் தன் வடிவிலேயே கிடந்தது. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து படலமாக ஒட்டியிருந்ததே காரணம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டுப்படலத்தை வைத்து அழுத்தும் லேமினேட்டட் கண்ணாடி அங்கிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் பி.வி.பி. என்ற நெகிழிப் படலம். இதற்குப் பிறகுதான் கண்ணாடி, சுவரின் ஓட்டையை மூடும் பொருள் என்ற நிலையிலிருந்து படிக்கட்டாகவும் உத்தரமாகவும் தூணாகவும் பதவி உயர்ந்தது. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 2006இல் ஆப்பிள் நிறுவனம் கட்டிய கனசதுர நுழைவாயிலில் 90 கண்ணாடிப் பலகைகள் இருந்தன. 2011இல் அதே அளவுப் பெட்டியை 15 பலகைகளில் மறுபடி கட்டினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெட்டி மாறவில்லை, இணைப்புகள்தாம் மறைந்தன. கண்ணாடித் தொழிலில் பெரும்பாடு படுவதெல்லாம் இப்படி ஒன்றைக் காணாமல் செய்வதற்காகத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. செங்கல் முகப்புகள் நிறைந்த ஒரு பழைய கடைத்தெருவில், எம்.வி.ஆர்.டி.வி. என்ற கட்டடக் கலைஞர் குழு 2016இல், இடிக்கப்பட்ட முகப்பையே அச்சு அசலாக, செங்கல், சன்னல் சட்டம், மேல்வளைவு உட்பட யாவற்றையும் கண்ணாடியில் வார்த்துக் கட்டியது. மேலே போகப் போகக் கண்ணாடிக் கற்கள் சுட்ட செங்கற்களோடு கலந்து கரைந்துவிடுகின்றன. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் கூடவே இருந்து சோதித்தார்கள். கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. புற ஊதா ஒளி பட்டதும் இறுகும் தெளிந்த பசைதான். சாந்து என்றால் கல்லின் ஏற்றத்தாழ்வை அதுவே சரிசெய்துவிடும், ஒரு மில்லிமீட்டரைக்கூட நிரப்பாத பசை அதைச் செய்யாது. ஆகவே ஒவ்வொரு கல்லும் மில்லிமீட்டரில் கால் பங்குத் துல்லியத்தோடு அமைய வேண்டியிருந்தது. முதல் வரிசையை மட்டம் பார்க்கக் கொழுப்பு நீக்காத பாலைப் பயன்படுத்தினார்கள் என்பது இதில் சுவையான செய்தி: தண்ணீரின் ஊடே பார்வை போய்விடுகிறது, பால் வெண்மையாக நின்று ஒளியைத் திருப்பிக் காட்டுகிறது. நம் கொத்தனார்கள் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதை இருபத்தோராம் நூற்றாண்டு ஆய்வகம் வேறு வழியில் வந்து தொட்ட இடம் அது.

ஹிரோஷிமாவில் ஹிரோஷி நகாமுரா 2012இல் கட்டிய வீடு அதற்கு நேர்மாறான வழி. போக்குவரத்து நிறைந்த சாலையை ஒட்டிய மனை. சாலையின் இரைச்சல் வேண்டாம், வெளிச்சம் வேண்டும். தெருப்பக்கத்தில் 8.6 மீட்டர் உயரமும் அகலமும் கொண்ட கண்ணாடிச் சுவர் ஒன்றை எழுப்பி, அதற்குப் பின்னால் மரங்கள் உள்ள முற்றத்தை வைத்தார். அந்தச் சுவரில் ஏறத்தாழ 6,000 திண்ணிய கண்ணாடிக் கற்கள், மொத்தம் 13 டன் எடை. இவ்வளவு எடையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் தன் உயரத்துக்கு மிக மெலிதான அந்தச் சுவர் நிற்காது. ஆகவே கற்களில் துளையிட்டு, மேலேயுள்ள உத்தரத்திலிருந்து எஃகுக் கம்பிகளைத் தொங்கவிட்டு, மணிமாலை போலக் கோத்தார். கார்களும் டிராம்களும் உள்ளிருந்து ஓசையற்ற நிழலாட்டமாகத் தெரியும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்ப்பது போன்ற ஒளி தரையில் விழும். உங்கள் மனைக்கும் இதற்கும் உள்ள உறவைப் பின்னால் சொல்கிறேன்.

இனி வெளிச்சம். இதற்கு நீங்கள் சிவாஜி நகருக்கு நடந்தே போகலாம். புனித மரியன்னை பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை இரண்டாம் உலகப் போரின்போது கழற்றிப் பாதுகாத்து, 1947இல் மீண்டும் பொருத்தினார்கள். பழைய தண்டுப் பகுதித் (கன்டோன்மென்ட்) தமிழர்களுக்கு அந்தக் கோயில் செப்டம்பர்த் திருவிழாவால்தான் நினைவிருக்கும், ஆனால் நீங்கள் கூட்டமில்லாத ஒரு காலையில் போய் உட்காருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சன்னல்கள் கறுத்த ஈயக் கோடுகளாகத்தான் இருக்கும். உள்ளே சென்றால் நிறம் சன்னலில் நிற்பதில்லை, தரையில் நகர்கிறது. கோபால்ட் நீலத்தைத் தருகிறது. மிக நுண்ணிய தங்கம் மாணிக்கச் சிவப்பைத் தருகிறது. வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் மஞ்சள் கிடைக்கிறது. அச்சிட்ட வண்ணப் படத்தை ஒட்டிய கண்ணாடியையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இங்கே நிறம் கண்ணாடியின் உடலிலேயே இருக்கிறது.

தங்கம், வெள்ளி என்றதும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள லைகர்கஸ் கிண்ணத்தைச் சொல்லாமல் விட முடியாது. நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கைவினை. முன்னாலிருந்து ஒளி பட்டால் பச்சை. உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பு. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாத தங்க, வெள்ளித் துகள்கள் கண்ணாடிக்குள் விரவியிருப்பதே காரணம் என்று தெரிந்துகொள்ளப் பதினாறு நூற்றாண்டுகள் ஆயின. வண்ணக் கண்ணாடி பழையதைத் திரும்பச் சொல்வதற்கு மட்டும்தான் என்ற எண்ணத்தை உடைத்தது ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007இல் அமைத்த சன்னல்: புனிதர் உருவம் எதுவும் இல்லாமல், 72 நிறங்களில் 11,263 சதுரங்கள், எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் தற்செயலுக்கே விட்டு அடுக்கப்பட்டவை. அங்கிருந்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கோயிலுக்குள் கதை சொல்ல வேண்டிய சன்னல் வெறும் நிறமாக இருக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வெயில் நகரும்போது அந்தச் சன்னல் தரையில் செய்யும் வேலையைப் பழைய ஓவியச் சன்னல்களும் செய்தன என்பது என் எண்ணம்.

நம்மிடம் இந்த மரபு வேறு உருவத்தில் இருந்தது. திருவரங்கத்தில் உற்சவ நாள்களில் நம்பெருமாள் எழுந்தருளும் கண்ணாடி அறையை நினைத்துப் பாருங்கள்: எதிரெதிர்க் கண்ணாடிகளில் உருவம் உள்ளுக்குள் உள்ளாகப் போய்க்கொண்டே இருக்கும். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1965இல் முதல் முடிவிலிக் கண்ணாடி அறையை அமைத்தபோது கலை உலகம் வியந்தது. நம் ஊரில் அதைப் பார்த்துவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். குஜராத்தில் கபட்வஞ்ச் என்ற ஊரில் மெல்லிய கண்ணாடி உருண்டைகளை ஊதி, உள்ளே ரசம் பூசி, பிறகு உடைத்து, அந்தத் துண்டுகளைக் கட்ச் பெண்களின் பூத்தையலுக்கு அனுப்பிவந்தார்கள். உருண்டையின் வளைவு ஒவ்வொரு துண்டிலும் சிறிது மிஞ்சுவதால், தட்டையான கண்ணாடியைப் போலின்றி அது எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரு புள்ளி ஒளியைத் தரும். உடைவையே உற்பத்தி முறையாக்கிய கைவினை அது. இன்று ஆலைகள் தரும் தட்டை வில்லைகளில் அந்த மினுமினுப்பு வராததை, பழைய பாவாடை ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் உடனே காணலாம்.

ரசம் என்ற சொல்லையும் கவனியுங்கள். பாதரசமும் வெள்ளீயமும் சேர்த்துப் பூசிய காலம் போய், 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்டறிந்த வழியில் வெள்ளி பூசத் தொடங்கி இவ்வளவு காலம் ஆன பின்னும் நாம் 'ரசம் போன கண்ணாடி' என்றுதான் சொல்கிறோம். அந்த வெள்ளியை இன்னும் மெலிதாக, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பூசினால் வேடிக்கையான ஒன்று நடக்கிறது: கண்ணுக்குத் தெரியும் ஒளி ஊடே போகிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெப்பம் திரும்பி வருகிறது. லோ-இ கண்ணாடி என்று விற்கப்படுவது இதுதான். சூரியன் தரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்பில் இருப்பதால், மிகச் சிறந்த பூச்சுகூட வெப்பத்தைப் போல இரண்டு மடங்கு ஒளியைத்தான் உள்ளே விட முடியும். ஒளியே ஆற்றல், அதற்கு மேல் இயற்கை இடம் தராது. வெப்பமே வராத கண்ணாடி என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

இங்கேதான் நீலப் பெட்டிகளின் கதைக்கு வர வேண்டும். அதன் தொடக்கம் லால்பாக்கில் இருக்கிறது. பிரிட்டனில் கண்ணாடியின் எடைக்கு விதிக்கப்பட்ட வரி 1845இல் நீங்கிய பிறகு விலை சரிந்தது. 1851இல் ஜோசப் பாக்ஸ்டன் ஏறக்குறைய 3 லட்சம் பலகைகளைக் கொண்டு லண்டனில் கிரிஸ்டல் பேலஸைக் கட்டினார். அதன் சாயலில், ஜான் கேமரன் லால்பாக்கின் பொறுப்பில் இருந்தபோது, இளவரசர் ஆல்பர்ட் விக்டர் 1889 நவம்பர் 30 அன்று இங்கே கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. மூலமான லண்டன் மாளிகை 1936இல் அதே நவம்பர் 30 அன்று எரிந்து போனது வெறும் தற்செயல்தான், என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் போகாமல், சாதாரண நாளில் போய் அதன் பக்கங்களைப் பாருங்கள். லண்டனில் குளிரை வெளியே நிறுத்த மூடப்பட்ட பெட்டி, இங்கே வந்ததும் கூரையில் கண்ணாடியும் கீழே சுற்றிலும் திறப்புமாக மாறிவிட்டது. சூடான காற்று தங்காமல் போய்விடுகிறது. இந்த ஊரின் காற்றை அறிந்த யாரோ எடுத்த முடிவு அது.

நூறு ஆண்டுகள் கழித்து நாம் அந்தப் பாடத்தை மறந்து லண்டன் பெட்டியையே மீண்டும் இறக்குமதி செய்தோம். அதற்கு வழிவிட்டது ஃப்ளோட் முறை: அலஸ்டர் பில்கிங்டன் 1952இல் தொடங்கி 1959இல் உலகுக்கு அறிவித்த இந்த முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடி எண்ணெய் போல மிதந்து பரவித் தானாகவே இருபுறமும் சமமாகிறது, அரைக்கவும் மெருகேற்றவும் தேவையில்லை. 2000இல் செயின்ட் கோபைன் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளோட் ஆலையைத் தொடங்கியதும் பெங்களூருவின் மென்பொருள் வளாகங்களுக்குக் கண்ணாடி அரை நாள் லாரிப் பயணத் தொலைவுக்கு வந்துவிட்டது. விரைவாக மூடலாம், சுவரின் தடிமன் மிச்சம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பழகிய தோற்றம். இவையே காரணங்கள், அழகு கடைசியில்தான் வந்தது. விளைவு, இரவில் போர்வை தேடும் ஊரில், பகலெல்லாம் ஏ.சி. ஓடும், திறக்க முடியாத சன்னல்கள். 2017ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, விதித்த அளவுகளை அப்படியே பின்பற்றும் கட்டடங்களில் வெளிச்சுவரின் பரப்பில் சன்னல்கள் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டுபவர்கள் கட்டடம் முழுவதையும் கணினியில் உருவகித்து ஈடுகட்ட வேண்டும். பெங்களூருவை அந்தத் தொகுப்பு மிதமான தட்பவெப்ப மண்டலத்தில் வைத்திருக்கிறது என்பதே நமக்கு ஒரு குறிப்பு. கண்ணாடி வடிவத்தில் செய்யும் தவறு தெருவுக்கும் போகும்: லண்டனில் ஃபென்சர்ச் தெருவின் உட்குழிந்த கண்ணாடிக் கோபுரம் 2013இல் வெயிலைக் குவித்துக் கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியது.

கலைஞர்களின் பக்கம் சுருக்கமாக ஒன்று. 1960 வரை ஊதுகண்ணாடி என்பது பெரும் சூளையும் ஆள்படையும் உள்ள ஆலையின் வேலை; கலைஞர் காகிதத்தில் வரைந்து கொடுப்பார், வேறொருவர் ஊதுவார். 1962இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பட்டறைகள் அதை மாற்றின. முதலில் கண்ணாடி சரியாக உருகவே இல்லை. டொமினிக் லாபினோ என்ற ஆலை ஆய்வாளர் கண்ணாடி இழை செய்வதற்கான, குறைந்த வெப்பத்தில் இளகும் கோலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார், வேலை நடந்தது. இதில் எனக்குப் பிடித்த குடும்பக் கதை ஒன்று உண்டு. ஹார்வியின் தந்தை கார்னிங் கண்ணாடி ஆலையில் இயற்பியலாளர். ஆலையின் போரோசிலிக்கேட் மின்கல ஜாடியின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர, ஹார்வியின் தாய் 1913இல் அதில் கேக் சுட்டுப் பார்த்தார். 1915இல் பைரெக்ஸ் என்ற அடுப்புக் கண்ணாடிப் பாத்திரம் கடைக்கு வந்தது. சூடுபட்டால் சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும், அதனால் அடுப்பில் விரிசல் விடாது. தாய் அடுக்களையில் செய்த சோதனையை மகன் கலைக்கூடத்தில் தொடர்ந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உள்வடிவமைப்பில் நீங்கள் கட்டாயம் எண்ண வேண்டியது ஓசை. மணிமேகலைக் காப்பியத்தில் உவவனம் என்ற பூஞ்சோலையில் ஒரு பளிக்கறை, அதாவது பளிங்கு அறை, வருகிறது: உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே போகாது. இன்றைய அலுவலகக் கண்ணாடி அறைக்கு இதைவிடச் சிறந்த வரையறை கிடையாது, ஆனால் நம் அறைகள் அதை நிறைவேற்றுவதில்லை. கதவின் அடியில் உள்ள இடைவெளி வழியே முழு உரையாடலும் வெளியேறுகிறது. சமமான தடிமனுள்ள இரண்டு பலகைகள் ஒரே அலைவரிசையில் ஒத்திசைந்து அதிரும் என்பதால் இரண்டையும் வேறு வேறு தடிமனில் வைக்க வேண்டும், நடுவில் ஒலி அடக்கும் படலம் வேண்டும், சுற்றிலும் கதவுரப்பர் வேண்டும். மின்சாரம் கொடுத்தால் தெளிவாகி நிறுத்தினால் பால்போல் மங்கும் கண்ணாடிகள் இப்போது பல கூட்ட அறைகளில் இருக்கின்றன. வாசகசாலைக்கு அது வீண் செலவு.

இனி உங்கள் மனை. பெங்களூரு ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்த வெயிலைச் சிறு சன்னல் தாழ்வாரம் தடுத்துவிடும். மேற்கில் மாலை 4 மணி வெயில் சாய்ந்து நேராக முகத்தில் அடிக்கும், எந்தத் தாழ்வாரமும் அதைத் தடுக்காது. படிப்பவரின் கண்ணுக்கும் புத்தகத்தின் தாளுக்கும் அது பகை. ஆகவே முகப்பு முழுவதும் தெளிந்த கண்ணாடி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஹிரோஷிமா வீட்டிலிருந்து எடுக்க வேண்டியது கற்களை அன்று, முற்றத்தை: தெருவை ஒட்டிச் சுவர், அதில் அங்கங்கே தடித்த கண்ணாடிக் கற்கள், பின்னால் 5 அடி அகலத்துக்கு ஒரு செடிமுற்றம், அதற்கும் பின்னால் திறந்து மூடக்கூடிய சாதாரணச் சன்னல்கள். கண்ணாடிக் கல்லுக்குப் பணம் இல்லாவிட்டால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செய்ததைப் போலக் காலிப் புட்டிகளைச் சுவரில் பதியலாம். மாலை வெயிலில் பச்சையும் பழுப்புமாக ஒளிரும், ஆளைச் சுடாது.

படிக்கும் வெளிச்சத்தை மேலிருந்து, வடக்கிலிருந்து எடுங்கள். மங்களூர் ஓட்டுக் கூரையில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஓர் ஓட்டின் அகலமுள்ள ஒளி அறையில் கடிகார முள் போல நகரும். இதையே உச்சத்துக்குக் கொண்டுபோன இடம் ஆரோவில்லின் தியானக் கூடமான மாத்ரிமந்திர்: கூரையிலிருந்து ஒரே ஒரு சூரியக் கதிர் இறங்கி 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளத்தில் விழுகிறது, அறைக்கு அதற்கு மேல் வெளிச்சம் தேவைப்படவில்லை. கூரையில் கண்ணாடி வைத்தால் அது லேமினேட்டடாகத்தான் இருக்க வேண்டும். தலைக்கு மேல் வெறும் டஃபன்ட் கண்ணாடியை வைத்து வரைந்திருந்தால் நான் நடுவராக வந்தாலும் மதிப்பெண் தரமாட்டேன். ஐ.எஸ். 16231 என்ற இந்தியத் தரநிலையின் நான்காம் பகுதி மனிதப் பாதுகாப்பைப் பற்றியது. வரைபடத்தை முடிக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கடைசியாக, மாதிரி வாங்கக் கண்ணாடிக் கடைக்குப் போகும்போது பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அடர்ந்த பச்சை தெரிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. ஊடே வரும் வெளிச்சமும் சற்றே பச்சையாகத்தான் இருக்கும், வெள்ளைத் தாள் அதை உடனே காட்டிக்கொடுக்கும். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தின் 21.6 மீட்டர் பிரமிடுக்குத் தன் பின்னால் நிற்கும் பழைய அரண்மனையின் கல் நிறம் மாறாமல் தெரிய வேண்டும் என்று அதை வடிவமைத்த ஐ. எம். பே பிடிவாதம் பிடித்ததால்தான் அதற்கென இரும்பு குறைந்த கண்ணாடியைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. உங்கள் பட்ஜெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. கூரைத் திறப்புக்கு மட்டும், இருபது சதுர அடிக்கு, அதைக் கேட்டு விலை வாங்கிப் பாருங்கள். மற்ற இடங்களில் பச்சை இருந்துவிட்டுப் போகட்டும், முற்றத்துச் செடிகளோடு சேர்ந்துகொள்ளும்.